வீடற்றோர் பாட்டில் எழும் வீடு

சாவி, சன்னல், அலமாரி, மேசை என்னும் நான்கும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள் என்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். பிறமொழிச் சொற்பட்டியலில் இவற்றை எழுதி மாணாக்கர்க்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். நான்கும் வீட்டுக்கு உரிய பொருள்கள் என்பதை மட்டும் நின்று நினைப்பதில்லை. பூட்டித் திறக்கவும், காற்று வாங்கவும், துணிமணி வைக்கவும், அமர்ந்து எழுதவும் உதவும் பொருள்களின் பெயர்களைக் கடல் கடந்து வந்த அம்மக்கள் நமக்கு விட்டுச் சென்றனர். அதே மொழி வழங்கும் நாடுகளில் இருபதாம் நூற்றாண்டில் பிறந்த இசைப்பாடல்கள் சிலவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே படித்தேன். அவற்றுள் மக்கள் நெஞ்சில் நிலைத்து நின்ற பல, வீடு இல்லாதவரைப் பற்றியவை. தாழ்ப்பாள் இல்லாத கதவும், ஓட்டை விழுந்த கூரையும், இடிக்கப்பட்ட குடிசையும், திரும்பி வருதல் உறுதியில்லாத கடல்வழியும் அவற்றின் பொருளாக உள்ளன. அவற்றைப் படிக்கும்தோறும் நம் ரப்பர்த் தோட்டத்துப் பாட்டுகளே நினைவில் வந்து நின்றன.

தோட்டத்துப் பாட்டைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. அவை துன்பத்தின் சான்றுகள். ஆதலின் அட்டைக் கடியையும் கங்காணியின் கொடுமையையும் சொல்லும் அடிகளே அவற்றின் உயிர் என்பார் ஒரு சாரார். பொன் தொட்டில், முத்துத் தோரணம், ஊருக்குத் திரும்பும் கப்பல் என்று பாட்டு எங்கோ பறந்து போகுமிடங்களை இவர்கள் பழக்கத்தால் வந்த அலங்காரம் என்று ஒதுக்குவர். அத்தகைய இடங்களே பாட்டின் பயன், உழைத்துக் களைத்தவர் சற்றே மறந்திருக்க அவை உதவின என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: கற்பனை வேறு, உண்மை வேறு என்பதே அது. அந்த உடன்பாடுதான் தவறு என்று எனக்குத் தோன்றுகின்றது. வீடற்றவர் பாட்டில் எழும் வீடு எந்தப் பொருளால் கட்டப்பட்டுள்ளது என்று பார்த்தால், அவருக்கு எது மறுக்கப்பட்டது என்பது தெளிவாகத் தெரியும்.

தோட்டத்தில் எவரும் வெட்டவெளியில் படுக்கவில்லையே, வீடற்றவர் என்று எவ்வாறு சொல்லலாம் என அன்பர்கள் கேட்கலாம். கூரை இருந்தது. நீண்ட ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்ந்த லயம் இருந்தது. ஆயினும் வேலையோடு வந்த வீடு வேலையோடு போயிற்று. செக்ரோலில் பெயர் இல்லாதவனுக்கு லயத்தில் இடமில்லை. கணவன் இறந்தாலும், மகன் வெளியூர் சென்றாலும், தோட்டம் கைமாறினாலும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது இதனைக் கண்கூடாகக் கண்டோர் பலர். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இக்காரணம் பற்றியே. வீட்டுக்கு மேல் நாடு என்று ஒன்று உண்டு. 1968இல் இயற்றப்பட்ட வேலை அனுமதிச் சட்டத்தால், குடியுரிமை பெறாத நம்மவர் பல்லாயிரவர் அடுத்த ஈராண்டுகளில் தமிழகம் திரும்பினர். இலங்கை மலையகத்தின் கதை இதனினும் கொடியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அங்குள்ள தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைக் கணக்கிட்டுப் பிரித்தது. அவர்கள் எங்கே இருக்க விரும்பினர் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

வீடிழந்தோர் பாட்டு தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 112ஆம் பாட்டை நாம் அனைவரும் கற்பித்திருக்கின்றோம். பறம்பை இழந்த பாரியின் மகளிர், சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் பார்க்கின்றனர். அன்று தந்தையும் இருந்தான், குன்றும் இருந்தது. இன்று இரண்டும் இல்லை. ஐந்தே அடிகளுள் அழுகை என்னும் சொல் எங்கும் வரவில்லை. மாறாதது நிலவு ஒன்றே. அந்த மாறாத பொருளை நடுவில் நிறுத்தி, மாறியவற்றை அதன் இருபுறமும் வைத்தனர். வீடிழந்தோர் பாட்டு வெல்வது இந்த அளவான சொல்லால்தான். இதனை மனத்திற்கொண்டு பிரேசில் நாட்டுப் பாட்டுகளுக்குச் செல்வோம்.

1937இல் ஒரெஸ்தெஸ் பர்போசா எழுதிச் சில்வியோ கல்தாஸ் இசையமைத்துப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. அதன் தலைப்பைத் தமிழில் 'விண்மீன் தரை' எனலாம். இரியோ நகரத்துக் குன்றின்மேல் ஒரு குடிசை. கதவுக்குத் தாழ் இல்லை. கொடியில் காயும் கந்தல் துணிகள் விழாக்காலக் கொடிகளாகத் தோன்றுகின்றன. தகரக் கூரையில் ஓட்டைகள். இரவில் நிலவொளி அவற்றின் வழியே விழுந்து மண் தரையில் விண்மீன்களைத் தூவுகின்றது. அவ்வீட்டுப் பெண் தன்னை மறந்து அவற்றின்மேல் மிதித்து நடக்கின்றாள். இந்த இடத்தின் அழகை மனுவேல் பந்தேரா என்னும் பெரும்புலவரே வியந்து போற்றினார். விண்மீன் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கூரை ஓட்டையாக இருந்ததால் வந்தது. நல்ல கூரையாக இருந்தால் அந்தக் கற்பனைக்கே வழியில்லை. பாடியவன் வறுமையை மறைக்கவில்லை. வறுமையின் மிக நுண்ணிய அடையாளத்தையே எடுத்து அதிலிருந்து வானத்தை உண்டாக்கினான். தகரக் கூரை வீட்டில் வளர்ந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓட்டை வழியே வெயில் காசு காசாகத் தரையில் விழுவதையும், மழை வந்தால் அதே இடத்தில் சட்டி வைப்பதையும் நம்முள் பலர் கண்டவரே.

இரண்டாவது பாட்டு 1951இல் அதொனிரான் பர்போசா எழுதியது. சாவோ பவுலோ மாநிலத்தில் குடியேறிய இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 'அன்புக் குடிசை' எனப் பொருள்படும் அப்பாட்டு 1955இல் ஒரு பாடகர் குழுவால் நாடெங்கும் பரவியது. பாழடைந்த பழைய மாளிகை ஒன்றில் மூன்று ஏழைகள் தங்கிக் குடிசை அமைத்திருந்தனர். ஒருநாள் ஆட்கள் கருவிகளோடு வந்தனர். உடையவர் இடிக்கச் சொன்னார். மூவரும் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு தெருவில் நின்று, தம் வீடு பலகை பலகையாக விழுவதைப் பார்த்தனர். ஒருவன் கத்த முனைந்தான். மற்றவன், இடிப்பவர் பக்கம் நியாயம் இருக்கின்றது, நாம் வேறு இடம் பார்ப்போம் என்று அடக்கினான். அந்த இடத்தில் இன்று உயர்ந்த கட்டடம் நிற்கின்றது. மூவரும் பூங்காப் புல்லில் படுத்து, மறப்பதற்காகப் பாடுகின்றனர். இந்த அடக்கம் ஏழையின் கோழைத்தனம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நியாயம் அவர்கள் பக்கம் என்று பாதிக்கப்பட்டவனே சொல்லும்போது கேட்பவன் நெஞ்சில் எழும் சினம், அவன் கத்தியிருந்தால் எழுந்திராது.

அப்பாட்டின் மொழி பற்றி ஆசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இலக்கணம் பிழைபட்ட தெருப்பேச்சில் வேண்டுமென்றே அது எழுதப்பட்டுள்ளது. நம் கையில் கிடைத்திருந்தால் பன்மையும் வினைமுற்றும் பொருந்தவில்லை என்று சிவப்பு மையால் கோலமிட்டிருப்போம். நம் பள்ளிப் போட்டிகளில் தோட்டப் பாட்டு அரங்கேறும்போது நடப்பதும் இதுவே. லயம் 'குடியிருப்பு' ஆகின்றது. பெரட்டு 'அணிவகுப்பு' ஆகின்றது. மங்கு 'கிண்ணம்' ஆகின்றது. சொல் திருந்திற்று, பாடியவரின் வீடு அதனோடு மறைந்தது.

இனி நம் பாட்டுக்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரா. தண்டாயுதமும், 'நாட்டுப்புறப் பாடலில் என் பயணம்' தந்த முத்தம்மாள் பழனிசாமியும், மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளையும் இத்தகைய பாட்டுகள் அழியாமல் காக்கப் பாடுபட்டவர்கள். தொகுப்புகளில் தாலாட்டு ஒரு பகுதியாகவும், தொழிற்பாட்டு ஒரு பகுதியாகவும், ஒப்பாரி ஒரு பகுதியாகவும் அமைவது வழக்கம். தோட்ட வாழ்வைக் காண விரும்புவோர் தொழிற்பாட்டைப் புரட்டுகின்றனர். தாலாட்டில் என்ன இருக்கப் போகின்றது, எல்லா ஊரிலும் பாடுவதுதானே என்று விட்டுவிடுகின்றனர். நான் சொல்ல வந்ததன் நெஞ்சு தாலாட்டில்தான் உள்ளது.

தாலாட்டின் மரபு மிகப் பழையது. பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டும்போது தொட்டிலையும் அணிகலன்களையும் தேவர் ஒவ்வொருவரும் அனுப்பி வைக்கின்றனர். நாட்டுப்புறத் தாலாட்டில் தேவரின் இடத்தில் மாமன் நிற்கின்றான். யானையும் குதிரையும் பொன்னும் பட்டும் மாமன் கொண்டுவருகின்றான். மாமன் யார்? தாயின் உடன்பிறந்தான். அவன் சீர் கொண்டு வருகின்றான் என்றால் அவளுக்குத் தாய்வீடு உண்டு என்று பொருள். பேறுகாலத்துக்குப் போக ஓர் இடம், கணவன் அடித்தால் போய் நிற்க ஓர் இடம், பிள்ளைக்குக் காது குத்த மடி தர ஓர் ஆள் உண்டு என்று பொருள். தஞ்சையிலோ சேலத்திலோ பாடும் பெண்ணுக்கு இது மிகைப்படுத்திய உண்மை. நான்கு காசு வளையலை நாலு பவுன் என்கின்றாள், அவ்வளவே. நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டத்தில் பாடிய பெண்ணுக்கு அந்த மாமன் கடலுக்கு அப்பால் இருந்தான். இருக்கின்றானா என்பதே பலருக்குத் தெரியாது. கடிதம் எழுதத் தெரிந்தவர் சிலர். எழுதினாலும் சேரும் முகவரி உள்ளவர் அவரினும் சிலர். ஆகவே ஒரே அடி இரண்டு கரைகளில் இரண்டு பொருள் தருகின்றது. அங்கே பெருமை, இங்கே இல்லாத ஒரு வீட்டின் அளவு. மாமன் கொண்டுவரும் பொருள்களை அவள் வரிசையாகச் சொல்லும்போது, தனக்கு இல்லாமற்போன தாய்வீட்டின் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுகின்றாள்.

பாடும் நேரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டிய தாய், தூங்கும் பிள்ளையைத் தூக்கி ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனாள். அங்கே வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்களை ஆட்டியவள் வயது முதிர்ந்த வேறொருத்தி. பிறர் பிள்ளைக்குப் பாடும் அவள், அப்பிள்ளையின் மாமன் யார் என்று அறிவாளா? அறியாத மாமனை அழைத்துப் பொன் தொட்டில் செய்யச் சொன்னாள். ஒரு கொட்டகையில் கிடந்த பிள்ளைகள் அனைவர்க்கும் அந்த மாமன் பொது. குலமும் ஊரும் அறியாத பிள்ளைகளுக்கு ஒரு பாட்டி உறவு வழங்கினாள் என்பதை 'மறதிக்கான கற்பனை' என்று பெயரிட்டு ஒதுக்க என் மனம் இடந்தரவில்லை.

எல்லாத் தாலாட்டும் சிறந்தது என்று சொல்லவில்லை. பொன்னும் முத்தும் பவளமும் என்று மரபுச் சொற்களே அடுக்கி, பால்வாளியின் ஓசை ஒருமுறைகூடக் கேட்காத பாட்டுகள் உண்டு. அவை எங்கும் பாடத்தக்கவை. எங்கும் பாடத்தக்கவை என்பதே அவற்றின் குறை. நிரையும் பெரட்டும் மங்கும் நடுவே புகும் பாட்டில்தான் பொன் தொட்டில் மின்னுகின்றது. பிரேசில் பாட்டில் விண்மீனுக்குத் தகர ஓட்டை வேண்டியிருந்ததுபோல, நம் பாட்டில் பொன்னுக்குப் பால்வாளி வேண்டியிருக்கின்றது.

இக்கற்பனைக்கு நேர்மாறான வேறொரு கற்பனையும் தோட்ட வரலாற்றில் உண்டு. அது கங்காணியின் கற்பனை. ஆள் கட்ட ஊருக்கு வந்தவன் சொன்ன நாட்டில் உழைப்பு குறைவு, காசு மிகுதி. இலங்கைக்கு ஆள் சேர்த்தவர் தேயிலைச் செடியின் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொன்னதாக மலையகத்தில் இன்றும் வழங்குகின்றது. மலாயாவுக்கு ஆள் சேர்த்தவர் வாயும் அதற்குச் சளைத்ததன்று. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் மலாயாவில் நின்ற பின்னரும் கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு தடைசெய்யும்வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. எனவே, நம் முன்னோரைப் பெயர்த்து வந்ததில் பஞ்சத்துக்கும் கடனுக்கும் பங்குண்டு என்றால், ஒரு பொய்க் கற்பனைக்கும் பங்குண்டு. இதனால் நம் பாட்டில் ஒரு தனித்தன்மை விளைந்தது. காசு காய்க்கும் மரம் பாட்டில் வந்தால் அது எள்ளலாகவே வருகின்றது; கேட்ட சொல்லும் கண்ட காடும் அருகருகே வைக்கப்படுகின்றன. புதிதாக ஒரு பொன்னாட்டைக் கற்பித்துக்கொள்ளத் தோட்டத்துப் பாடகன் துணியவில்லை. ஒருமுறை ஏமாந்தவன் அவன்.

இவ்விடத்தில் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள கேப் வெர்டித் தீவுகளை நினைக்கின்றேன். மழை பொய்க்கும் அத்தீவுகளிலிருந்து போர்த்துக்கீசியர் ஆட்சியில் மக்கள் சாவோ தோமே தீவின் கொக்கோத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். நம் கதையேதான், மரம் மட்டும் வேறு. அர்மாந்து செபெரினோ சோவாரஸ் இயற்றிய 'சொதாதி' என்னும் பாட்டு அப்பயணத்தைப் பற்றியது. போர்த்துக்கீசிய வேரிலிருந்து கிளைத்த தீவுப் பேச்சில் அமைந்த அதனைச் செசாரியா எவோரா 1992இல் பாடி உலகறியச் செய்தார். 'சொதாதி' என்பது பிரிவாலும் இழப்பாலும் வரும் ஏக்கம். பாட்டின் தொடக்கமே ஒரு வினா: இந்த நெடுவழியை உனக்குக் காட்டியவர் யார்? பெயர் சொல்லப்படவில்லை. நம் பாட்டில் வழி காட்டியவனுக்குப் பெயர் உண்டு. கங்காணி என்று நேராகவே சொல்லி ஏசுகின்றனர். அதற்குக் காரணம் உண்டு. நம் கங்காணி பெரும்பாலும் அதே ஊர்க்காரன், சில வேளை உறவினன். தெரிந்தவன் செய்த வஞ்சனைக்கு வினா வேண்டுவதில்லை. ஆயினும் பாட்டு என்ற அளவில், பெயர் சொல்லாத அந்த வினா நெடுநேரம் நெஞ்சில் நிற்கின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

புதிய நாட்டைக் கற்பிக்கத் துணியாத தோட்டத்துப் பாட்டு பழைய ஊருக்குத் திரும்பிச் சென்றது. குளம், கோயில், ஆற்றுநீர், அறுவடை, தெருக்கூத்து யாவும் அங்கே உண்டு. 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை ஓடிய ரஜுலாக் கப்பல் அந்த ஊருக்கும் இந்தத் தோட்டத்துக்கும் இடையே இருந்த நூல். இந்த 'ஊர்' உண்மையில் எது? 1876-78 பஞ்சத்தில் மக்கள் செத்து விழுந்த ஊர் அது. வட்டிக்கு நிலம் போன ஊர் அது. வந்தவருள் பலருக்கு அந்த ஊரின் நடுத்தெருவில் நடக்கவே உரிமை இல்லை. ஊருக்கு வெளியே சேரியில் இருந்தவர் அவர்கள். கோயிலின் உள்ளே செல்லாதவர். குளத்தில் நீர் எடுக்கத் தடுக்கப்பட்டவர். அவர்களின் மக்களும் பேரரும் குளத்தையும் கோயிலையும் என் ஊர் என்று பாடுகின்றனர். இதனை வெறும் நினைவு என்று சொல்ல முடியுமா? இருந்த வீட்டை நினைத்துப் பாடினால் நினைவு. இருந்திராத வீட்டைத் தன் வீடு என்று பாடினால் அஃது உரிமைக் குரல். பாடியவர் அவ்வாறு எண்ணிப் பாடினாரா என்பது வேறு. பாட்டு அவ்வாறு நிற்கின்றது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஊரை விட்டு வந்த காரணத்தைப் பாட்டு மறைத்துவிட்டது. பஞ்சமும் சாதியும் நீங்கிய ஊரைப் பிள்ளைகள் நம்பினர். திரும்பிச் சென்ற சிலர் அங்கே அயலவராக நின்றதை நாம் அறிவோம். கற்பனை வீடு சில வேளை ஆளையே விழுங்கிவிடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்த வழக்கு கேப் வெர்டியிலும் நடந்தது. முன்னர்க் குறிப்பிட்ட மனுவேல் பந்தேரா 1930இல் வெளியிட்ட நூலில், பழம் பாரசீகத்துப் பசார்கதா நகரைப் பற்றி ஒரு கவிதை உண்டு. எல்லாம் கிடைக்கும் அந்நாட்டுக்குப் போய்விடுகின்றேன் என்று சொல்லும் கவிதை அது. கேப் வெர்டிக் கவிஞர் பால்தசார் லோப்பெஸ் அந்தக் கனவு நகரைத் தம் பாட்டிலும் ஏற்றார். பின்வந்த ஓவிதியோ மார்த்தின்ஸ், பசார்கதாவுக்குப் போகமாட்டேன் என்று மறுத்துக் கவிதை எழுதினார். விடுதலைப் போராட்டக் காலத்தில் ஓடி ஒளியும் கற்பனை நாட்டுக்குப் பகை என்பது அவர் கட்சி. அரசியலில் அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். பந்தேராவின் கவிதைக்கு அவர் சொன்ன குற்றம் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம். அந்தக் கனவு நாட்டில் புலவர் வேண்டுவன யாவை? உடற்பயிற்சி செய்ய வேண்டும், மிதிவண்டி ஓட்ட வேண்டும், கடலில் குளிக்க வேண்டும். அவர் இளமையிலேயே காசநோயால் படுக்கையில் விழுந்தவர். நோய் தடுத்த அனைத்தும் அந்நாட்டில் கிடைக்கின்றன. கனவைப் படித்தே அவர் நோயைச் சொல்லிவிடலாம். தொட்டில் பாட்டைப் படித்தே தாய்வீடு இல்லாமையைச் சொல்லிவிடலாம் என்பதும் இம்முறையே.

கற்பனை கைவிட்ட இடமும் உண்டு. 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை சப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைத்துப் போட்ட 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பகுதியினர் மீளவில்லை. அவர்களைப் பற்றிய பாட்டுகள் தோட்டங்களில் வழங்கின. ஒப்பாரி மரபில் இறந்தவனுக்குப் பொற்பல்லக்கும் பூந்தேரும் உண்டு. ஆனால் ஒப்பாரிக்கு உடல் வேண்டும், நாள் வேண்டும், உடலைக் கிடத்தத் திண்ணை வேண்டும். சயாம் சென்றவனுக்கு மூன்றும் இல்லை. செத்தானா என்பதே தெரியாத கணவனுக்கு ஒப்பாரி வைத்தால் அது தீச்சொல்லாகுமே என்று அஞ்சிய பெண்கள் பல ஆண்டுகள் பாடாமலேயே இருந்தனர். வீடற்றவனுக்குப் பாட்டில் வீடு கட்டலாம். இறந்தானோ இருக்கின்றானோ என்று அறியாதவனுக்கு எந்த அறை கட்டுவது?

நம் மாநிலத்தை அடுத்த மலாக்காவில் வேறொரு செய்தி உள்ளது. போர்த்துக்கீசியர் அங்கே 1511 முதல் 1641 வரை ஆண்டனர். அவர் வழித்தோன்றல்கள் உஜோங் பாசிரில் 1930களில் அமைந்த குடியிருப்பில் இன்றும் வாழ்கின்றனர். கிரிஸ்தாங் என்னும் தம் மொழியைச் சிலராவது பேசுகின்றனர். அவர்களின் புகழ்பெற்ற பாட்டு 'ஜிங்க்லி நோனா'. அதில் லிஸ்பன் நகரத்து ஏக்கம் ஒன்றும் இல்லை. ஒரு பெண்ணை மணந்துகொள்ள விரும்பும் இளைஞனின் குறும்பே உள்ளது. மணத்தைக் குறிக்கும் அவர்கள் சொல், வீட்டைக் குறிக்கும் 'காசா' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. மனையிலிருந்து மனைவியும் இல்லிலிருந்து இல்லாளும் தமிழில் பிறந்தது போன்றது அது. தாய்நாட்டுக் கப்பல் நின்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேலான பின், அவர்கள் பாட்டின் வீடு கடலுக்கு அப்பால் இல்லை. அடுத்த தெருவில் உள்ளது. பெண்கள் அரிதாக இருந்த தொடக்ககாலத் தோட்டங்களில் ஆடவர் பாடிய காதற்பாட்டையும் இந்தக் கண்கொண்டு படிக்கலாம். பெண்ணைப் பற்றிய பாட்டு என்று அவற்றை ஒதுக்கிவிட்டோம். அவை வீட்டைப் பற்றியவையும் ஆகும்.

திரைப்பாட்டு வந்தபின் இவையெல்லாம் அருகின. திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில் பாட்டுக்குக் குரல் வேறொருவருடையதாயிற்று. அதனைப் பற்றி விரிக்கப் புகவில்லை.

இன்று ஒரு புதிய ஏக்கம் தோன்றியுள்ளது. ராசாவைச் சுற்றிலும் சிரம்பானின் புறத்திலும் ரப்பர் நின்ற நிலங்கள் பல வீட்டுமனை நகர்களாகிவிட்டன. பெயரில் 'லாடாங்' என்ற சொல்லைத் தாங்கிய தமிழ்ப் பள்ளிகள் தோட்டமே இல்லாத இடங்களில் நிற்கின்றன. பிள்ளைகள் தாமான்களிலிருந்து வேனில் வந்து இறங்குகின்றனர். லயத்தை விட்டுச் சென்றவர் லயத்தையே நினைத்துக் கவிதையும் கதையும் எழுதுகின்றனர். முன்னோர் எந்த லயத்திலிருந்து தப்பத் தாலாட்டில் பொன் வீடு கட்டினரோ, அந்த லயமே இப்போது பொன் வீடு. அதொனிரானின் மூன்று ஏழைகளும் இடிந்த குடிசையை இவ்வாறே அன்போடு பாடினர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் தம் கையால் அமைத்த குடிசையைப் பாடினர். லயம் நாம் கட்டியதன்று. லயத்தின் பின்னே போட்ட கொல்லையும், நிரையோரத்தில் கல் நட்டு எழுப்பிய முனீசுவரர் கோயிலும், காசு சேர்த்துப் போட்ட பந்தலும் நாம் கட்டியவை. இன்றைய கவிதைகளுள் கொல்லையையும் கோயிலையும் பாடுவன நிற்கின்றன. லயத்தை மொத்தமாகப் போற்றுவன, பஞ்சத்தை மறந்து ஊரைப் பாடிய பழம் பாட்டின் குறையையே மீண்டும் செய்கின்றன.

பாட்டு அறிந்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். ஆசிரியர்கள் கைப்பேசியில் பதிவு செய்கின்றனர், நல்ல பணி. பாடியவர் பெயர், வயது, தோட்டம் என்று மூன்றும் எழுதிக்கொள்கின்றோம். அவர் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடிய வீட்டில் எத்தனை அறை, கூரை அத்தாப்பா தகரமா, தொட்டில் எந்த விட்டத்தில் தொங்கிற்று, தாய்மாமன் என ஒருவர் இந்நாட்டில் இருந்தாரா என்பவற்றையும் கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பாட்டை அதற்குப் பிறகு படித்துப் பார்க்கலாம்.